அட்டையில் மட்டும் கணவன்

மபூலாவுக்கு மனைவி ஒருத்திதான், பெயர் லிமி. பிள்ளைகள் நான்கு. ஆனால் கிசெங்கா சுகாதார நிலையத்துக் கர்ப்பிணிப் பதிவேட்டைப் பொறுத்தவரை அவன் பதினொரு பெண்களுக்குக் கணவனாக இருந்தவன். பதினொரு இடத்திலும் பெயர் வேறு வேறு. ரத்தம் எடுத்த விரல் மட்டும் ஒன்று. விக்டோரியா ஏரியின் தென்கரையில் இவ்வளவு முறை பரிசோதிக்கப்பட்ட ஆண்பிள்ளை வேறு யாரும் கிடையாது என்று பைக் ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். அவன் சிரிப்பதில்லை. சிரிக்கத் தெம்பு வேண்டாமா?

வயது நாற்பத்திரண்டு. முன்பு பருத்தி போட்டான். மூன்று வருடம் தொடர்ந்து மழை ஏமாற்றியபோது இருந்த மாடுகளை விற்று ஒரு பைக் வாங்கினான். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு ஸ்டாண்டுக்கு வந்து, இருட்டும்வரை ஆட்களையும் மூட்டைகளையும் ஆடுகளையும் ஏற்றி இறக்குவதுதான் வாழ்க்கை. புழுதி நெஞ்சுக்குள் போய் நிரந்தர இருமலாகிவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒரு வலி குடியேறி வருடக்கணக்காகிறது. முகம் மட்டும் பிறவியிலேயே மன்னிப்புக் கேட்கிற முகம். கணவனாக உட்கார அந்த முகம் வெகு பொருத்தம் என்று பெண்களுக்குள் பேச்சு.

இந்தக் கூத்து நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியது. எங்கள் ஊரில் கெடுதல் முக்கால்வாசி நல்ல எண்ணத்தில்தான் தொடங்கும். நான்கு வருடத்துக்கு முன் ஜீப்பில் வந்த சுகாதாரத் திட்டத்துக்காரர்கள் ஒரு கூட்டுக் குழு அமைத்துவிட்டுப் போனார்கள். ஊர்த் தலைவர், பாதிரியார், பள்ளிவாசல் ஷேக், மீனவர் தலைவர், பைக்காரர் சங்கம், நர்ஸ் அடெலைடா எல்லோரும் அதில் உண்டு. கர்ப்பம் பெண்ணுடைய தலைவலி மட்டும் இல்லை, ஆணும் கூட வரவேண்டும், இருவரும் சேர்ந்து ரத்தம் கொடுக்கவேண்டும், சேர்ந்து ஆலோசனை கேட்கவேண்டும் என்று பேசினார்கள். யார் மறுப்பார்கள்? எல்லோரும் கை தட்டினோம். பிறகு அந்தக் குழுவே உட்கார்ந்து ஒரு விதி போட்டது. கணவனோடு வருகிறவளுக்கு முதல் பெஞ்சு. தனியாக வருகிறவள் கடைசியில் நிற்கவேண்டும். முதல் தடவையாக இருந்தால், கணவன் ஏன் வரவில்லை என்று ஊர்த் தலைவரிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் கர்ப்பிணி அட்டையே கிடைக்கும்.

கணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. பாதிப் பேர் தீவுகளில் பொடிமீன் பிடிக்கப் போயிருப்பார்கள். நிலவில்லாத நாட்களில் விளக்கு வைத்து மீன் பிடித்துவிட்டு, முழுநிலவுக்குத்தான் வீடு திரும்புவார்கள். கொஞ்சம் பேர் தங்கக் குழிகளில். மிச்சம் பேர் ஊரிலேயே இருந்துகொண்டு வரமாட்டேன் என்பவர்கள். பெயர் சொல்ல ஆளே இல்லாத பெண்களும் உண்டு. ஊர்த் தலைவரோ நாலு பேர் முன்னால் வைத்துத்தான் விசாரிப்பார், அதுவும் வீட்டில் இருந்தால்.

ஆகவே ஒருநாள், மபூலாவின் பைக்கில் வந்த ஹோலோ என்ற பெண், நிலையத்து வாசலில் இறங்கியதும் போகாமல் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே வந்து சும்மா உட்கார்ந்தால் போதும் என்றாள். இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டவள் அவள். மபூலா வானத்தைப் பார்த்தான், ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தான், கடைசியில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான். அன்றைக்கு அவன் பெயர் ‘எனோக்கா’. ஊசி குத்தினார்கள், ஆலோசனை சொன்னார்கள், அரை மணியில் ஹோலோவுக்கு அட்டை கிடைத்துவிட்டது. சேதி காற்றாய்ப் பரவியது.

கூலி என்று எதையும் அவன் வாங்கியதில்லை. பைக் வாடகை மட்டும்தான். மறுத்துப் பேச அலுப்பாக இருந்தது, அவ்வளவே. நர்ஸ் அடெலைடாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். கிசெங்காவுக்கு ஒரே நர்ஸ் அவர். மேற்கே புக்கோபா பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், கால் வீங்கியிருக்கும். தனியாக வந்தவளைத் திருப்பி அனுப்பினால் அவள் பிரசவ வலியோடுதான் திரும்ப வருவாள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கேட்கவேண்டியதைக் கேட்டார், எழுதவேண்டியதை எழுதினார், மபூலாவின் முகத்தை மட்டும் பார்க்காமல் இருந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரே ஆலோசனையை அத்தனை தடவை கேட்டதில் மபூலாவுக்கு எல்லாம் மனப்பாடம். ரத்தம் ஊற என்ன மாத்திரை, பிள்ளைக்கும் பிள்ளைக்கும் எவ்வளவு இடைவெளி, அதற்கு என்னென்ன வழி, எந்த அறிகுறி கண்டால் ஓடி வரவேண்டும், எல்லாம் சொல்வான். ஒருநாள் பாதி வழியில் ஒரு கர்ப்பிணி தலைவலி, கண் மங்குகிறது என்றபோது, அவளைச் சந்தைக்குக் கொண்டுபோகாமல் வண்டியைத் திருப்பி நேராக நிலையத்தில் இறக்கினான். அவள் பிழைத்ததற்கு அதுதான் காரணம் என்று அடெலைடாவே சொன்னார். ஜீப்காரர்கள் எதிர்பார்த்த ஆண்மகன் எங்கள் ஊரில் உருவாகத்தான் செய்தான், பொய்யில் உருவானான்.

வீட்டில் மட்டும் அவன் பேச்சு எடுபடாது. அதற்குக் காரணம் இருக்கிறது. நாலாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, நாளைக்கு நீங்களும் வரவேண்டும் என்று லிமி சொல்லியிருந்தாள். மபூலா, தூரத்துச் சவாரி ஒன்று ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னான். உண்மையில் அவன் ஒப்புக்கொண்டிருந்தது வேறொருத்திக்கு. மறுநாள் ஊர்த் தலைவரின் கடிதத்தோடு லிமி நிலையத்துக்குள் நுழைந்தபோது, அவள் கணவன் முதல் பெஞ்சில் இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நர்ஸ் ‘கமானா’ என்று கூப்பிட்டதும் எழுந்து போனான். லிமி அவனைப் பார்த்தாள். வரிசையின் கடைசிக்குப் போய் வெயிலில் நின்றாள். சாயங்காலம் உகாலிக் களித் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏன், கமானா வீட்டுல சாப்பாடு போடலையா?”

அதற்கப்புறம் இரண்டு வாரம் அவனோடு பேச்சே இல்லை. இனி யாருக்கும் உட்காரமாட்டேன் என்று மபூலா அன்றைக்கு முடிவெடுத்தான். ஒரு மாதம் தாக்குப்பிடித்தான். அதற்குப் பிறகும் ஒருத்தி வந்தாள், உட்கார்ந்தான். பதினொன்றாவதாக வந்தவள் மிந்சா.

மிந்சா ஸ்டாண்டுக்கு எதிரே பணியாரம் பொரித்து விற்பவள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பார்த்தால் இன்னும் கூடுதலாகத் தோன்றும். இரண்டு பிள்ளைகளை இழந்தவள். முதலாவது ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. இரண்டாவது இரண்டு நாள் இருந்தது. இரண்டு தடவையும் அவள் நிலையத்துக்கு வந்து, கணவனும் இல்லாமல் கடிதமும் இல்லாமல் திரும்பிப் போனவள். அவள் கணவன் ஷிஜா தீவில் படகு ஏறுகிறவன். இரண்டாவது பிள்ளையைப் புதைத்த பிறகு, அவள் வயிற்றில் ஏதோ குறை இருக்கிறது, சுத்தம் பண்ணிக்கொண்டு வா என்று சொல்லி அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினான். மூன்று மாதம் அவள் அங்கே கசாயம் குடித்தாள். இப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். புருஷன் உட்பட யாருக்கும் தெரியக்கூடாது என்று துணியை இறுக்கிக் கட்டி மறைத்து வைத்திருந்தாள். பணியாரச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வந்து மபூலாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, இதையும் மண்ணுக்குக் குடுக்க என்னால முடியாது. ஒரு தடவை வாங்க.”

போகாமல் இருக்க முடியுமா? போனான். ‘ஷிஜா’ என்றதும் விரலை நீட்டினான். கால்மணி நேரம் கழித்து அடெலைடா இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே முப்பது நாற்பது பெண்கள் காத்திருக்கும்போது அவர் கதவைச் சாத்துகிறவர் இல்லை. மேஜைமேல் பரிசோதனைச் சீட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எய்ட்ஸ் கிருமி இருவருக்கும் இல்லை. சிபிலிஸ் மிந்சாவுக்கு இருந்தது, ‘கணவனுக்கு’ இல்லை. உடலுறவில் ஒட்டிக்கொண்டு, வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே ஒளிந்திருந்து, வயிற்றுப் பிள்ளையைக் கொல்லும் நோய் அது. அடெலைடா நாலு வருடத்தில் முதல்முறையாக மபூலாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“இந்த விரலை எனக்குப் பதினோரு தடவையா தெரியும். இதுல ஒண்ணும் இருக்காது. எனக்கு வேண்டியது அந்த விரல்.”

பிறகு மிந்சாவிடம் கணக்கைச் சொன்னார். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஐந்தாம் மாதம்தான், இன்னும் காலம் இருக்கிறது, பிள்ளையைக் காப்பாற்றலாம். ஆனால் முழுநிலவுக்கு வீட்டுக்கு வருகிற கணவன் ஊசி போட்டுக்கொள்ளாமல் அவளைத் தொட்டால் எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பம். அவன் படகிலிருந்து இறங்கியதும் நேராக இங்கே வரவேண்டும். வேறு வழி இல்லை. ஆணுறைப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். மிந்சா அதைத் தொடவில்லை. புருஷனிடம் இதைக் காட்டினால் எவனோடு இருந்தாய் என்பதுதான் அவனுடைய முதல் கேள்வியாக இருக்கும் என்றாள். நோய் என்று சொன்னாலும் அதே கேள்விதான். ஒரு பைக்காரனைப் புருஷன் என்று கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததைச் சொன்னால் கேள்விக்கே வேலையில்லை, பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவான்.

முழுநிலவுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.

நடுவில் கூட்டுக் குழுவின் மாதக் கூட்டம் வந்து தொலைத்தது. பைக்காரர் சங்கத்தின் சார்பில் போகிறவன் மபூலாதான். வேறு எவனுக்கும் பொறுமை கிடையாது. தேவாலயக் கூடத்தில் டீயும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்தார்கள். ஊர்த் தலைவர் எழுந்து, கிசெங்காவில் பத்துக்கு ஒன்பது ஆண்கள் மனைவியோடு வருகிறார்கள், மாவட்டத்திலேயே நாம்தான் முதலிடம் என்று படித்தார். பெண்களை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பைக் தோழர்களுக்கு ஒரு கைதட்டு என்றார். மபூலாவை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றான். பாதிரியாரும் ஷேக்கும் போட்டி போட்டுக்கொண்டு தட்டினார்கள். மீனவர் தலைவர் இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தார். உங்கள் ஆள் ஒருவனைத் தீவிலிருந்து அனுப்புங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் எதற்கு என்று கேட்பார், மிந்சாவின் பெயர் வரும், பெயர் வந்தால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். உட்கார்ந்து கிழங்கைத் தின்றான்.

வெளியே வந்ததும், நீங்களே ஷிஜாவிடம் சொல்லுங்களேன் என்று அடெலைடாவிடம் கேட்டுப் பார்த்தான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். அவன் என் வாசலுக்கு வந்தால் சொல்வேன், வராதவனிடம் எப்படிச் சொல்வது, படகுத்துறைக்குப் போய் நின்றால் இங்கே பிரசவம் யார் பார்ப்பது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வாரம் அவர் ஆறு பிரசவம் பார்த்திருந்தார்.

வீட்டுக்குப் போய் மபூலா லிமியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். திட்டு விழும் என்று தெரிந்தேதான் சொன்னான். அவள் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. மிந்சா பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டாள். ஐந்து என்றான். அவன் அடிப்பானா என்று கேட்டாள். அடிக்கலாம், ஆள் வாட்டசாட்டம் என்றான்.

“பதினோரு பேருக்குப் புருஷனா உக்காந்தீங்க, டோட்டோ அப்பா. ஒரு புருஷன்கிட்டயாவது போய் உண்மையைச் சொல்லுங்க. அடிச்சா வாங்கிக்குங்க. நான் மருந்து போடுறேன்.”

மூத்தவன் டோட்டோவின் பெயரைச் சொல்லி அவள் தன்னைக் கூப்பிட்டு எவ்வளவோ நாளாயிற்று என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

முழுநிலவு நாள் காலை ஏழு மணிக்கே மபூலா படகுத்துறையில் இருந்தான். கரை முழுக்க மணலில் பொடிமீன் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் பேரம் பேசினார்கள். ஐந்தாறு பைக்குகள் சவாரிக்காக முட்டி மோதின. ஷிஜாவை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தால் எங்கே வைத்துப் பேசுவது என்று இராத்திரியெல்லாம் யோசித்து வந்திருந்தான். எதுவும் தேவைப்படவில்லை. அகலமான தோளில் சுருட்டிய மெத்தையும், கையில் ஒரு ரேடியோவும், பூப்போட்ட புதுத்துணி ஒன்றுமாக இறங்கிய ஷிஜா, மொய்த்த பைக்காரர்களில் சாதுவான முகமாகப் பார்த்து மபூலாவின் வண்டியில் தானாகவே ஏறி உட்கார்ந்துவிட்டான். கிசெங்காவுக்குப் போ அண்ணே, பணியாரக் கடை தெரியுமா என்றான். தெரியும் என்றான் மபூலா.

முதுகுக்குப் பின்னால் இருப்பவனிடம் பேசுவது ஒருவிதத்தில் சுலபம். முகத்தைப் பார்க்க வேண்டாம். மேட்டில் ஏறும்போது ஆரம்பித்தான், ரோட்டைப் பார்த்தே பேசினான். மிந்சா கர்ப்பமாக இருப்பதைச் சொன்னான். நிலையத்து விதியைச் சொன்னான். அவள் அழைத்ததையும், தான் ஷிஜா என்ற பெயருக்கு விரல் நீட்டியதையும் சொன்னான். அவளிடம் நோய் இருப்பதைச் சொன்னான். கடைசியில் ஊசியைப் பற்றிச் சொன்னான். வண்டியை நிறுத்து என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மபூலா நிறுத்தினான். பழக்கதோஷத்தில் ஹெல்மெட்டைக் கழற்றப் போனவன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். ஷிஜா இறங்கி, மெத்தையை ரோட்டோரத்துப் புல்லில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தான். அடிக்கிற ஆள் உட்காரமாட்டான் என்று மபூலாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, நீ போனே?”

“போனேன்.”

“இங்க எல்லாரும் இப்படித்தானா?”

“பாதிப் பேர் இப்படித்தான், தம்பி. ஆம்பளை ஊர்ல இல்லேன்னா என்ன பண்ணுவாங்க?”

ஷிஜா புதுத்துணியைப் பிரித்தான், திரும்ப மடித்தான். வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்துவிட்டுச் சொல்லத் தொடங்கினான். தீவிலும் இதே விதிதான். அங்கே கரையில் ஒரு சின்ன நிலையம் உண்டு. இவனோடு ஒரே படகில் போகிற லுக்காசின் மனைவி கர்ப்பமாக இருந்தாள். அட்டை வாங்கவேண்டிய நாளில் லுக்காசு வலை வாங்க நகரத்துக்குப் போய்விட்டான். எனக்குப் பதிலாகப் போய் உட்காரடா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஷிஜா போய் உட்கார்ந்தான். லுக்காசு என்று கூப்பிட்டார்கள், விரலை நீட்டினான். அந்த நர்ஸ் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, இந்த நோய்க்கு உங்களுக்கு மூன்று ஊசி போடவேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றாள்.

“சீட்டுல லுக்காசு பேர் இருந்துச்சு. அவன்கிட்ட குடுத்துட்டேன். அவன் போய் மூணு ஊசியும் போட்டுக்கிட்டான்.”

மபூலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு அவனும் புல்லில் உட்கார்ந்தான்.

“ரத்தம் உன்னோடதுதானே, தம்பி?”

“ரத்தம் என்னோடதுதான். பேர் அவனோடதுதானே. நான் அவனுக்காகப் போனேன், அதனால வந்தது அவனோடதுன்னு நினைச்சேன். இல்ல, அப்படி நினைச்சுக்கறது சௌகரியமா இருந்துச்சு.”

இந்த அசட்டுத்தனத்தைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வராது. அடுத்தவன் பெயரில் போய் நின்றால் அங்கே நடப்பதெல்லாம் அடுத்தவனுக்கு நடப்பது என்று எங்கள் ஆட்கள் மனப்பூர்வமாக நம்புவார்கள். மபூலாவும் பதினொரு தடவை அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். பதினொரு தடவையும் சீட்டில் ஒன்றும் இல்லாமல் போனது அவன் அதிர்ஷ்டம். அது எப்போது நடந்தது என்று கேட்டான். போன வருடத்துக்கு முந்தின வருடம், பெருமழைக்கு முன்னால் என்றான் ஷிஜா. மிந்சாவின் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் போனதும் அந்த மழைக்குப் பிறகு. மபூலாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது; பிள்ளையை வைத்த சின்னப் பெட்டியைப் பைக்கில் கொண்டுபோனவனே அவன்தான். அதைச் சொல்ல மனம் வரவில்லை. வண்டியில் ஏறு என்றான். ஷிஜா மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினான்.

நிலையத்தில் மிந்சா மூன்றாவது வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கு இரண்டாவது ஊசி. வாசலில் பைக் நின்றதையும், மபூலாவுக்குப் பின்னால் தன் கணவன் இறங்குவதையும் பார்த்து, கையிலிருந்த அட்டையைத் துணிக்குள் மறைத்தாள். ஷிஜா அவளிடம் போய் நின்றான். ரேடியோவை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். அவள் வயிற்றைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். கூடவே வந்த மபூலா, போவதா இருப்பதா என்று தெரியாமல் அதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். சுற்றியிருந்த பெண்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்திக்கு இருமல் வந்தது. சிரிப்பை அடக்கினால் வருகிற இருமல்.

“மிந்சா. ஷிஜா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பெஞ்சிலிருந்து மூன்று பேர் எழுந்தார்கள். மபூலா பாதி எழுந்த பிறகுதான் தன் தப்பை உணர்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு அழவேண்டும் போல இருந்தது, ஏனென்று தெரியவில்லை. எத்தனையோ காலமாகத் தூக்கிச் சுமந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டது போல ஓர் ஆயாசம்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. அடெலைடா ஷிஜாவின் விரலில் புதிதாகக் குத்தினார். காத்திருந்தார்கள். பதிவேட்டில் ஏற்கெனவே எழுதியிருந்ததை அவர் பேனாவால் அழுத்திக் கோடிட்டு அடிக்கிற சத்தம் பெஞ்சு வரை கேட்டது. ஷிஜாவுக்கு நோய் இருக்கிறது என்றார், ஊசி போட்டார். எப்படி வந்தது, யாரிடமிருந்து யாருக்கு என்று நான் கேட்கப்போவதில்லை, இரண்டு பேரும் முடிக்கும்வரை சேரக்கூடாது, சேர்ந்தால் உறை போடவேண்டும் என்று வழக்கமான குரலில் சொல்லிக்கொண்டு போனார். அந்தக் குரலுக்கு நடுவே ஷிஜா கேட்டான்.

“சிஸ்டர், முன்னாடி போன ரெண்டும்... அதுவும் இதனாலயா?”

ஊசியை டப்பாவில் போடும் சத்தம் கேட்டது. பிறகு அடெலைடா, உறுதியாகச் சொல்லமுடியாது, அப்போது யாரும் ரத்தம் பார்க்கவில்லை, ஆனால் இந்த நோய் செய்கிற வேலை அப்படித்தான் இருக்கும் என்றார். இரண்டாவதைக் காப்பாற்றியிருக்கலாமா என்று அவன் கேட்டான். அதற்கு முன்னால் இந்த ஊசி போட்டிருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். பிறகு அந்த வாட்டசாட்டமான ஆளிடமிருந்து வந்த ஓசையை நான் எழுதப்போவதில்லை. வெளியே வரிசையில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இருமியவளும் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் மிந்சாவின் குரல் கேட்டது. வந்ததிலிருந்து அவள் பேசியது அதுதான் முதல்முறை.

“அப்படின்னா என் வயித்துல குறை இல்லையா, சிஸ்டர்?”

“உன் வயித்துல ஒரு குறையும் இல்ல. இருந்தது நோய். அதுக்கு மருந்து இருக்கு.”

“இன்னொரு தடவை சொல்லுங்க. அவர் அழுதுக்கிட்டு இருந்தாரு, காதுல விழுந்திருக்காது.”

அடெலைடா அழுகை அடங்கும்வரை காத்திருந்து, இன்னொரு தடவை சொன்னார்.